நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

8 நவம்பர், வெள்ளி

காலையிலிருந்து தூறல். பல்கனித் துணி இரண்டாம் நாளும் காயவில்லை. விரதம், ஒரு நேரச் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். இவருக்குப் பேக்கரியில் இரண்டு மணிக்கு வேலை.

நாலு மணிக்கு மேல்மாடியிலிருந்து தவம் மச்சாள். இவரின் மூத்த அக்கா. கதவு தட்டும் பழக்கம் இல்லை, நேரே குசினிக்கு. அவருக்கு ஜெர்மனில் எந்தக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வது நான்தான். நானும் வகுப்புக்குப் போகாதவள், அகராதியும் தொலைக்காட்சியும் படிப்பித்த ஜெர்மன். இன்று கடிதம் இல்லை. போனை நீட்டினார். ஒரு விளையாட்டு. பழமும் மணியும் வரிசையாகச் சுற்றிச் சுற்றி நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடிந்து வந்து எட்டு மாதமாக விளையாடுகிறாராம். காசு வைத்து. இதுநாள் வரை ஒரு சொல் சொல்லவில்லை.

"சூதோ மச்சாள்?"

"சூது கீது எண்டு பெரிய சொல் சொல்லாதையும். காலை நீட்டிக்கொண்டு அமத்துறது, அவ்வளவுதான். கீழ சின்ன எழுத்தில என்ன போட்டிருக்கிறான் எண்டு பாரும். நீர்தானே கணக்குக்காரி."

சின்ன எழுத்து: திரும்பக் கொடுக்கும் வீதம் 96. சொன்னேன், "நூறு யூரோ போட்டால் தொண்ணூற்றாறு திரும்பி வருமாம் மச்சாள். நாலுதான் நடத்துறவனுக்கு."

"நாலோ! நீர் நடத்துற சீட்டில கழிவெண்டு இதைவிடக் கூடப் போகுதே."

இரண்டு பேரும் சிரித்தோம்.

விளக்கு வைக்கும்போது ஒரு உறுத்தல். சூது வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கணக்குச் சொல்லிவிட்டேன். கணக்கென்று யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

வாங்க: நல்லெண்ணெய், திரி, குப்பைப் பை.

12 நவம்பர், செவ்வாய்

குளிர். ஹீட்டர் ஒன்று சூடாகவில்லை. வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும்.

படியில் மச்சாள். வேலை உடுப்போடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினேன். நாலு நாளில் நானூறு போட்டிருக்கிறாராம். முன்பு மாதத்துக்கே நூறு, நூற்றைம்பதுதான்.

"ஏன் மச்சாள் அவ்வளவு?"

"நீர் சொன்ன கணக்குத்தான். நூற்றுக்கு நாலுதானே போகும். நானூறுக்குப் பதினாறு. பதினாறு யூரோவுக்கு இண்டைக்கு ஒரு படமும் பார்க்கேலாது."

"மிச்சம் எவ்வளவு நிக்குது?"

"இருக்கு, இருக்கு." போனைக் காட்டவில்லை.

தொண்ணூற்றாறு என்று வாசித்தவள் நான். எதில் தொண்ணூற்றாறு, எத்தனை தரம், யாருக்கு என்று கேட்காதவளும் நான்.

14 நவம்பர், வியாழன்

இரண்டு நாளாக வாசிப்பு. அந்த விளையாட்டின் விதிகள் மட்டும் முப்பத்தொரு பக்கம். பிரிண்டரில் மை முடிந்தது. விளங்கியதை இங்கே எழுதி வைக்கிறேன், மறந்துபோகாமல்.

போனஸ்: பரிசு இல்லை. திரையில் காசு மாதிரித் தெரியும். எடுக்க ஏலாது.

உருட்டு நிபந்தனை: போனஸை எடுப்பதற்கு முன் அதைப்போல் இத்தனை மடங்கு விளையாடித் தீர்க்க வேண்டும். இங்கே முப்பது மடங்கு. காலத் தவணையும் உண்டு. தவணை தாண்டினால் போனஸும் இல்லை, அதில் விழுந்ததும் இல்லை.

இலவசச் சுற்று: சுற்றுவது மட்டும்தான் இலவசம். விழுந்த காசு போனஸ் கணக்கில் போய் மாட்டிக்கொள்ளும்.

ஏற்ற இறக்கம்: "கூடியது" என்று போட்டிருந்தால் நெடுநேரம் ஒன்றும் விழாது, பிறகு பெரிதாக விழலாம். விழாமலே போகலாம். மச்சாளின் விளையாட்டில் "கூடியது".

வீட்டின் பங்கு: வீடு என்றால் நம்முடைய வீடு இல்லை, கசினோ. நூறில் தொண்ணூற்றாறு போக மிச்சம்.

மாத எல்லை: ஒரு மாதத்தில் இவ்வளவுக்கு மேல் போட ஏலாது. எல்லாக் கசினோவுக்கும் சேர்த்து ஆயிரம். நல்ல சட்டம். ஆனால் அடுத்த மாதம் ஒன்றாம் திகதி கதவு திரும்பத் திறக்கும்.

தடை: இதைப் பிறகு வாசிக்க வேண்டும்.

தொண்ணூற்றாறு என்பது லட்சக்கணக்கான சுற்றுகளுக்கு, விளையாடுகிற எல்லோருக்கும் சேர்த்து எடுத்த சராசரியாம். தவமணி என்கிற ஒருவருக்கு யாரும் கொடுத்த வாக்கு இல்லை.

15 நவம்பர், வெள்ளி

மழை விட்டது. கோயிலுக்குப் போகக் கிடைக்கவில்லை, வீட்டிலேயே பூசை. பூ விலை கூடிவிட்டது.

கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நூறு யூரோ. ஒரு தடவை முழுவதும் விளையாடினால் 96. அதோடு யார் எழும்பி வருகிறார்? அந்தத் தொண்ணூற்றாறையும் திரும்ப விளையாடுவார். 92.16. பிறகு 88.47. பிறகு 84.93. ஒவ்வொரு தரமும் புதிதாக நாலு வீதம் வெட்டு. பதினேழாவது வரியில் 49.96. பாதி இல்லை. ஒரு சுற்று ஐந்து விநாடி, ஒரு யூரோ என்று வைத்தால் இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது. அதுவும் சராசரிதான், அதற்கு முன்பே முழுவதும் போகவும் கூடும்.

நான் சொன்ன நூற்றுக்கு நாலு கணக்கு ஒரு தடவை மட்டும் விளையாடிவிட்டு எழும்புகிற ஆளுக்கு. அப்படி ஒரு ஆள் இருந்தால் அவருக்குக் கணக்கே தேவையில்லை.

மகள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து போன் எடுத்தாள். தேவாரம் போடுவதற்கு முன் என் போனில் கசினோ விளம்பரம் வருகிறது என்று சொன்னேன். ஒரே சிரிப்பு.

"அம்மா, நீங்கள் ஒளிச்சு விளையாடுறீங்களோ? வென்றால் எனக்குப் பாதி."

"நான் வாசிச்சனான் பிள்ளை. வாசிச்சதுக்கே வருகுது."

"வாசிக்கிற ஆக்களைத்தான் அவங்கள் தேடுறாங்கள்."

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

கொப்பியோடு மேலே போனேன். மச்சாள் முழங்காலுக்கு எண்ணெய் பூசிச் சீலைத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். பதினேழு வரியையும் காட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று தெளிவாகச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

கேட்டார், கேட்டார். பிறகு, "இது புதுசா வாற ஆக்களுக்கு. நான் எட்டு மாதமாப் போட்டுக்கொண்டு வாறன். எனக்கு விழுகிற முறை இனித்தான். சீட்டில கடைசியா எடுக்கிறவைக்குத்தானே முழுசு?"

அப்போதுதான் விளங்கியது எனக்கு. மச்சாள் சூது விளையாடவில்லை. சீட்டுக் கட்டுகிறார். என் சீட்டில் பன்னிரண்டு பெண்கள், மாதம் 250, முதல் ஞாயிறு என் வீட்டில். அவசரக்காரர் கழிவு விட்டு முன்னே எடுப்பார், பொறுத்தவருக்குக் கடைசியில் மூவாயிரமும் குறையாமல் கிடைக்கும். மச்சாள் ஒரு வருடமும் முந்தி எடுத்ததில்லை. இந்த டிசம்பரும் அவருடையது. பொறுத்தால் கிடைக்கும் என்று இருபது வருடமாகப் பழகிய கை. நானும் தொண்ணூற்றாறைச் சீட்டுக்காரியாகத்தான் வாசித்தேன், அவரும் சீட்டுக்காரியாகத்தான் கேட்டார்.

"மச்சாள், அங்க முறை எண்டு ஒண்டில்லை. ஒவ்வொரு சுத்தும் புதுசு. நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள், எத்தனை மாதம் பொறுத்தனீங்கள் எண்டு அதுக்குத் தெரியாது."

"உமக்கு வெள்ளிக்கிழமை ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கோ?"

கொப்பியை மூடினேன்.

"பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. இந்தக் காலோட காலமை நாலரைக்கு எழும்பிப் பார்த்தீரோ ஒருநாள்? பெரிசா ஒண்டு விழுந்தா நாளைக்கே அந்த வாளியை வைச்சிட்டு வருவன். டிசம்பர்ச் சீட்டும் வரட்டும். அதோட பார்ப்பம்."

மூவாயிரத்தையும் அதற்குள் போடப் போகிறார். என் கையால் எண்ணிக் கொடுக்கப்போகும் மூவாயிரம்.

20 நவம்பர், புதன்

முதல் பனி. ஒட்டவில்லை. நேற்று உழுந்து ஆட்டி வைத்தது.

மச்சாள் சந்தோசமாக வந்தார். "பாரும், முந்நூற்று நாற்பது நிக்குது. உம்மட கொப்பி எங்க?"

காசை எடுத்துப் பாருங்கோ என்றேன். கசினோ எடுக்க விடவில்லை. அதில் நூறு போனஸ். உருட்டித் தீர்க்கும்வரை முழுவதும் பூட்டு. முப்பது மடங்கு என்றால் மூவாயிரம் யூரோவுக்கு விளையாட வேண்டும். நூற்றுக்கு நாலு வீதம் மூவாயிரத்துக்கு நூற்றிருபது போகும். நூறு யூரோ பரிசை எடுப்பதற்கு நூற்றிருபது யூரோச் செலவு. அவர் முன்னாலேயே பேனையால் போட்டுக் காட்டினேன். போனஸை வேண்டாமென்று விட்டால் சொந்தக் காசை எடுக்கலாம், ஒரு பொத்தான்தான், அதையும் காட்டினேன்.

விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றது.

"இவ்வளவு தூரம் வந்திட்டு விடுறதோ," என்று போனைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஆட்டின உழுந்தில் தோசை கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்.

22 நவம்பர், வெள்ளி

விரதம். முந்நூற்று நாற்பதும் போய்விட்டது. தானாகவே சொன்னார், குரலில் ஒன்றும் இல்லை, பஸ் போய்விட்டது என்பதுபோல.

இவரிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"அக்காவோட இதை நான் கதைக்கேலாது. என்னை இங்க கூப்பிட்டவ அவ. அவ துடைச்ச காசிலதான் நான் வந்தனான்."

"அப்ப ஆர் கதைக்கிறது?"

"நீதான் கணக்கு நல்லாச் சொல்லுவாயே."

கோபத்தில் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

27 நவம்பர், புதன்

ஆலோசனை நிலையத்தில் ரெர்மின், முன்பே கேட்டு எடுத்த நேரம். ட்ராமில் முப்பது நிமிடம். நிலையத்தின் பேருக்குப் பக்கத்தில் "சூதாட்டம்" என்று எழுதியிருந்த கதவு. படியில் தெரிந்தவர் யாரும் இல்லையா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே இருந்த பெண் இளம் வயது, மெதுவாகப் பேசினார். நான் எழுதிய சொற்பட்டியலைக் காட்டினேன், எல்லாம் சரி என்றார். தொண்ணூற்றாறைப் பற்றிய என் பிழையையும் சொன்னேன். பலபேர் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள், வங்கியில் வேலை செய்பவர்கள்கூட என்றார். ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம்.

தடை இரண்டு வகை. ஒன்று, விளையாடுகிறவர் தானே கேட்பது. மற்றது, வீட்டு ஆட்கள் கேட்பது. எதுவென்றாலும் நாடு முழுவதும் ஒரே பட்டியல், அதில் பெயர் ஏறினால் எந்தக் கசினோவும் உள்ளே விடக்கூடாது. ஒரு வருடம். வீட்டு ஆள் கேட்டால் காரணம் எழுத வேண்டும், அத்தாட்சி வைக்க வேண்டும், அந்த ஆளுக்கும் கடிதம் போகும்.

"யார் கேட்டது என்று தெரியவருமா?"

தெரியவரும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அன்ராக் என்கிற விண்ணப்பத் தாளோடு வீடு. சுவாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

30 நவம்பர், சனி

வீடு கூட்டித் துடைத்தேன். சீட்டுக்கு வடை முப்பது, கேக் ஒன்று. பால் ஆறு பெட்டி.

மச்சாளிடம் கடைசியாகக் கேட்டேன். "தடையை நீங்களாவே கேளுங்கோ மச்சாள். நான் எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும்."

"எனக்கு மூளை பிசகிப்போச்செண்டு ஜெர்மன்காரனுக்கு எழுதித் தரச் சொல்லுறீரோ?"

"அப்படி இல்லை…"

"நாளைக்குச் சீட்டைத் தருவீரோ, இல்லை அதுக்கும் அன்ராக்கோ?"

1 டிசம்பர், ஞாயிறு

வெயில், ஆனால் சுள்ளென்ற குளிர். பதினொரு பேர் வந்தார்கள், ஒருவர் காய்ச்சலென்று காசைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டிருந்தார். மூவாயிரம் சரி.

ஒரே கலகலப்பு. "தவமக்கா, இந்தமுறை என்ன, நகையோ?" "நகையோ! அவ ஒரு பெடியனைப் பாத்து வைச்சிருக்கிறா, சீதனம் குடுக்கப்போறா!" மச்சாளும் சிரித்தார். "பெடியனுக்கு முழங்கால் நல்லா இருந்தாக் காணும்."

எண்ணும்போது இரண்டு தரம் பிசகியது. எனக்கு அப்படி வருவதில்லை. கொடுக்காமல் விட்டிருக்கலாமா? சுகமில்லை, அடுத்த கிழமை என்று சொல்லியிருக்கலாமா? இருபது வருடம் ஒருவரின் காசையும் ஒரு நாள் பிந்திக் கொடுத்ததில்லை. பன்னிரண்டு மாதம் வாளி தூக்கிக் கட்டிய காசு. அதை வைத்திருக்க நான் யார்? கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். அவர் கை என் கையைவிடச் சூடாக இருந்தது.

3 டிசம்பர், செவ்வாய்

அன்ராக் நிரப்பியது. விண்ணப்பிப்பவர்: என் பெயர். உறவு: கணவரின் சகோதரி. காரணம் என்ற இடத்தில் நாலு கோடு மட்டும். காணாது, தனித்தாள் வைத்தேன். மாத வருமானம், எட்டு மாதக் கணக்கு (அவர் சொன்னதை வைத்து), சீட்டுக் காசு. கடைசியில், வீதத்தை முதலில் பிழையாக விளக்கியது நான், அதை நம்பித்தான் அவர் தொகையைக் கூட்டினார் என்றும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. எழுதாமல் மூட மனம் வரவில்லை.

முன்பெல்லாம் மச்சாளின் பெயரை அன்ராக்கில் எழுதினால் அவர் பக்கத்தில் இருப்பார். வாடகை உதவிக்கு, வைத்தியருக்கு, அவரின் அப்பா செத்தபோது. இன்று மேலே அவர் காலடிச் சத்தம், கீழே நான்.

பதிவுத் தபால். பற்றுச்சீட்டு கொப்பிக்குள்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை விளக்கீடு. பல்கனியில் பதினொரு சிட்டி விளக்கு. காற்று, திரும்பத் திரும்ப அணைந்தது. கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, என்ன, கிறிஸ்மஸுக்கு முன் ஏற்றும் அட்வென்ட் விளக்கோ என்று கேட்டார். எங்களுடைய அட்வென்ட் என்றேன், தலையாட்டினார்.

மச்சாள் தட்டை வடை சுட்டுக்கொண்டு வந்தார். என் பிள்ளைக்கும் ஒரு பொதி, தபாலில் அனுப்ப. எப்போதும் போலக் கதை. எனக்குத்தான் முகம் பார்க்க ஏலவில்லை.

போகும்போது தானாகச் சொன்னார், "இந்த மாதத்து ஆயிரமும் முடிஞ்சுது. ஒண்டாம் திகதி திறப்பான். ரெண்டாயிரம் அலுமாரிக்குள்ள இருக்கு."

இன்னும் பத்தொன்பது நாள்.

17 டிசம்பர், செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. தபால்காரர் பன்னிரண்டு மணி. ஹீட்டர் திருத்தியாயிற்று. மிளகாய்த்தூள் வறுத்து அரைக்க வேண்டும், ஜன்னல் திறக்க ஏலாத குளிர்.

கும்பிடும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. தடை விழ வேண்டும் என்று கேட்பதா, அவர் என்னை வெறுக்கக் கூடாது என்று கேட்பதா. இரண்டையும் சேர்த்துக் கேட்க வெட்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் கேட்டேன்.

19 டிசம்பர், வியாழன்

மங்கல் வெளிச்சம், பகலிலேயே லைட். மிளகாய் வறுத்து முடிய மச்சாள் வந்தார். இருமிக்கொண்டே கதிரையில் இருந்தார். கையில் கடிதம், பிரிக்கவில்லை.

"அரசாங்கக் கடிதம்போலக் கிடக்கு. பென்ஷனோ தெரியாது. வாசியும்."

உறையைக் கண்டதுமே தெரிந்தது. கத்தியால் பிரித்தேன். சட்டென்று ஒரு நினைப்பு: "ஏதோ விளம்பரம், மச்சாள்" என்று சொல்லலாம். அவருக்குத் தெரியவே வராது. தடை விழும், கசினோ உள்ளே விடாது, ஏன் என்று அவர் என்னிடம்தான் கேட்பார், அப்போதும் நான் ஏதாவது சொல்லலாம். இருபது வருடமாக அவருக்கு ஜெர்மனில் வந்த ஒவ்வொரு சொல்லும் என் வாயால்தான். ஒருமுறை பிழையாகச் சொன்னதற்கே இவ்வளவு.

வாசித்தேன். ஒரு வரி ஜெர்மன், ஒரு வரி தமிழ், வழக்கம்போல. சூதாட்டத் தடைக்கு உங்கள் பெயரில் விண்ணப்பம் வந்திருக்கிறது. விண்ணப்பித்தவர், தம்பியின் மனைவி. என் பெயர். அதையும் முழுவதுமாக வாசித்தேன். காரணங்கள். வருமானம். சீட்டு. தொகை. விண்ணப்பித்தவர் தன்னுடைய பிழை என்று எழுதியிருப்பது. அந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன்.

மிளகாய் நெடிக்கு இரண்டு பேருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தாளைக் கீழே வைத்தேன்.

"மற்றப் பக்கம் இருக்கு," என்றார். "அதையும் வாசியும்."

திருப்பினேன். விருப்பமில்லாவிட்டால் இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளுக்குள், எதிர்த்து எழுதலாம். எழுதாவிட்டால் அதற்குப் பிறகு பெயர் பட்டியலில் ஏறும்.

"இரண்டு கிழமை எண்டா?"

"இரண்டாம் திகதி, மச்சாள்."

"ஒண்டாம் திகதி திறப்பான்."

"ஓம்."

மச்சாள் எழும்பி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலை மடிப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து அலுமாரிச் சாவியை மட்டும் நகத்தால் பிரித்தெடுத்தார். வளையம் இறுக்கம், நேரமெடுத்தது. உதவிக்குக் கை நீட்டினேன், தட்டிவிட்டார். சாவியைக் கடிதத்தின் மேல் வைத்தார்.

"பதில் ஒண்டும் எழுதாதையும்."

"தேத்தண்ணி…"

"வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.